ஏமாறாத பெட்டி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள ரசீதில் மட்டும் அது வரும். மற்றபடி ஆஸ்பத்திரி முழுக்க அவர் 'சொட்டு'தான். மாடிப்படிக்கு அடியில், சலவை அறைக்குப் பக்கத்தில், அவருடைய ரிப்பேர் அறை. மருந்து ஏற்றும் மெஷின் எது கைக்கு வந்தாலும் எதிரே வைத்துக்கொண்டு, விழும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணுவார். எண்ணும்போது இடி விழுந்தாலும் காதில் விழாது. ஒருநாள் தலைமை மருத்துவரே வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரி, சொட்டு எண்ணி முடிக்கட்டும்" என்று திரும்பிப் போனார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

மனைவி அங்கேயே நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய வார்டிலிருந்து ஒரே ரத்த அழுத்தக் கருவி ஒரே மாதத்தில் நாலு தடவை ரிப்பேருக்கு வந்தது. அது எப்படி நாலு தடவை கெட்டது என்று கேட்டால் இரண்டு பேருமே சிரித்து மழுப்புவார்கள்.

அந்தச் சிரிப்பை ஒரு புள்ளி வந்து கெடுத்தது. ஒரு மத்தியானம், ஆள் வராததால் அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், பம்பில் மணிக்கு இரண்டரை மில்லி என்று அடிக்க வேண்டிய மருந்தை இருபத்தைந்து என்று அடித்துவிட்டாள். நடுவில் புள்ளி விழவில்லை. பம்ப் சொன்னதைச் செய்தது, பத்து மடங்கு ஏற்றியது. நோயாளி மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு பிழைத்துக்கொண்டார், இவளுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போனார், பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. இவளுக்குத்தான் அதற்குப் பிறகு பொத்தான் எதைத் தொட்டாலும் விரல் நடுங்கியது. வீட்டில் மிக்ஸியைக்கூட அவர்தான் போட வேண்டும். வேலையை விட்டுவிட்டாள்.

யார் யாரோ அவளைத் திட்டினார்கள். சொட்டு பம்பைத் திட்டினார். "பத்து மடங்குன்னா ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? வாய் இல்லையா அதுக்கு?" என்று மேஜை மேல் இருந்த மெஷினைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் இவரையும் அட்மிட் செய்ய வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

கேட்கும் பம்ப் ஒன்றை அவரே செய்ய ஆறு வருஷம் ஆனது. தூக்கிப்போட்ட பிரிண்டர்களின் மோட்டார், டார்ச் பேட்டரி, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நோயாளி பாத்ரூம் வரை போய்வரலாம். பெரிய கம்பெனிப் பம்ப் ஒன்று வாங்கும் காசில் இது பத்து வாங்கலாம். ஆனால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது இதற்கெல்லாம் இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எல்லை உள்ளேயே வைத்திருந்தார். அதற்கு மேல் என்ன எண்ணை அடித்தாலும் பெட்டி கத்தும், ஓடாது. எல்லையை நகர்த்த ஒரு பித்தளைச் சாவி வேண்டும், அது டாக்டர் கையில்தான் இருக்கும்.

பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதியது மச்சான், மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் படித்தவன், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன். விற்கும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். சொட்டுக்கு நாலு பேர் எதிரே நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பெட்டி தயாரானால் அதை ஏமாற்றப் பார்ப்பது அவர் வழக்கம். அதற்கென்று அரை நாள் ஒதுக்குவார். தூக்கம் கெட்ட நர்ஸ் மாதிரி அடிப்பார், புள்ளியை மறப்பார், பூஜ்யத்தைக் கூடப் போடுவார், ஈரக்கையுறையோடு அடிப்பார், கோபத்தில் குத்துவார். பெட்டி மசியாவிட்டால் ஒரு சீட்டில் 'ஏமாற்றிப் பார்த்தேன். ஏமாறவில்லை' என்று கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு மூடிக்கு உள்பக்கம் ஒட்டுவார். மச்சான் இதை அச்சடித்தே கொடுக்கிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டார்.

முதல் பெட்டியை வீட்டுக்குத்தான் கொண்டு போனார். மனைவி தயங்கித் தயங்கி இரண்டரைக்குப் பதில் இருபத்தைந்து அடித்தாள். பெட்டி கத்தியது. மறுபடி அடித்தாள், மறுபடி கத்தியது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த மாதமே வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாவது வாரம், நொடிமுள் உள்ள பழைய கைக்கடிகாரம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து, "இதை ஓட வைங்க, வார்டுக்கு வேணும்" என்றாள். எண்ணெய் விட்டு ஓட வைத்துக் கொடுத்தார். அன்றைக்கு வேலை செய்துகொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

எட்டு மாதம் போனது. ஐம்பது பெட்டிக்கு மேல் பல ஆஸ்பத்திரிகளில் ஓடின. ஒருநாள் காலையில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு பெட்டி, பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை என்று ரிப்பேருக்கு வந்தது. துடைக்கும்போதுதான் பார்த்தார். எண்களெல்லாம் புதிது மாதிரி இருந்தன. 'நிறுத்து', 'ஒலி வேண்டாம்' என்ற இரண்டு பொத்தான்களில் மட்டும் எழுத்தே இல்லை. இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. பெட்டியை நிறுத்த அதை அமுக்குவார்கள், கத்தினால் இதை அமுக்குவார்கள், இரண்டும் ஒரே கணக்கில் தேய வேண்டியதில்லையே. இரண்டு கட்டைவிரலாலும் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். ஐந்தாவது நொடியில் பெட்டி நல்ல பிள்ளையாக 'பீப்' என்றது. எல்லை போயிருந்தது. இருபத்தைந்து அடித்தார், ஓடியது. இருநூற்றைம்பது அடித்தார், அதுவும் ஓடியது. மூடியைத் திறந்தால் அவருடைய சீட்டு, அவருடைய கையெழுத்து.

எத்தனையோ விதமாக ஏமாற்றிப் பார்த்தவருக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அவர் எண்ணிப் பார்த்ததெல்லாம் தெரியாமல் செய்யும் தவறுகள்.

பெட்டி செய்ய வாடகைக்கு எடுத்திருந்த பட்டறையில் மச்சான் பெட்டிகளுக்கு அட்டை சுற்றிக்கொண்டிருந்தான். இவர் பெட்டியை முன்னால் வைத்து இரண்டு பொத்தான்களையும் தொட்டுக் காட்டினார். அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது, பிறகு வாய் வேலையைத் தொடங்கியது.

"மாமா, கோபப்படாம கேளுங்க. சாவி வச்சிருக்கிற டாக்டர் நேரத்துக்கு வரமாட்டாரு. அதுவரைக்கும் பெட்டி கத்திக்கிட்டே இருக்கு. இந்தத் தொல்லை வேணாம்னு அத்தனை பேரும் திருப்பி அனுப்பப் பார்த்தாங்க. நான் ஒரு வழி வச்சுக் கொடுத்தேன். அதுக்கப்புறம்தான் ஆர்டரே வந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லலை."

இவ்வளவு நேர்மையாக ஒருவன் தலையில் மிளகாய் அரைத்ததை ஒப்புக்கொண்டால் என்ன பேசுவது? "என் கையெழுத்தோட அனுப்பியிருக்கியேடா" என்று மட்டும் சொன்னார்.

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "அக்காவுக்கு மொதல்லேயே தெரியும், மாமா. என்னை மட்டும் குத்தம் சொல்லாதீங்க."

அதை நம்பவில்லை. பொய் சொல்லித் தப்பப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து மாடியேறும் வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்.

வார்டு ஜன்னல் வழியாக நல்ல வெயில். கடைசிக் கட்டிலில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பத்தில் சொட்டு செய்த பெட்டி. மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ரெண்டு பொத்தான் விஷயம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் திரும்பினாள். இல்லை என்று சொல்லமாட்டாளா என்று அவர் அந்த முகத்தையே பார்த்தார்.

"சேர்ந்த மொத வாரமே சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். "நான் ஒருநாளும் அமுக்கினதில்லை."

"எட்டு மாசம். ஒரே வீட்ல இருக்கோம்."

"தம்பி காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினான். நீங்களும் அத்தனை வருஷத்துக்கப்புறம் அப்பத்தான் சிரிச்சுப் பேசினீங்க. இதைச் சொன்னா எல்லாத்தையும் இழுத்து மூடிருவீங்கன்னு தெரியும். மென்னு முழுங்கிட்டேன்."

"வேற யாராவது அமுக்கி வச்சதை நீ கவனிக்காம விட்டிருந்தா? மறுபடியும் அன்னிக்கு மாதிரி ஆகியிருந்தா?"

"ஆக விட்டிருக்க மாட்டேன்" என்று இடது கையைத் திருப்பிக் காட்டினாள். பழைய கைக்கடிகாரத்தில் நொடிமுள் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாக் கட்டிலுக்கும் நானே நின்னு சொட்டை எண்ணிப் பாத்துட்டுத்தான் நகருவேன். உங்க பெட்டியை நான் நம்பலைங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. கோபத்திலும் சொல்லவில்லை. மச்சான் செய்ததற்கு ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாருக்காக ஆறு வருஷம் பழைய பிரிண்டர்களைக் குடைந்தாரோ, அவள் ஒருநாள்கூட அந்தப் பெட்டியை நம்பி வேலை பார்க்கவில்லை. அவரை நம்ப வைத்துவிட்டு, சொட்டு எண்ணப் போயிருக்கிறாள். அதற்குக் கடிகாரம் ஓட வைத்துக் கொடுத்தவரும் அவரே.

தலைமை நர்ஸிடம் போனார். நாலு பேர் எதிரே நின்றிருந்தும் அன்றைக்கு நாக்கு ஒட்டவில்லை. "இந்தப் பெட்டிங்க சரியில்லை. இங்க இருக்கிறது, வெளியே போனது, எல்லாத்தையும் திருப்பி எடுக்கிறேன்" என்றார். பிறகு கடைசிக் கட்டிலுக்கு வந்து கம்பத்திலிருந்து பெட்டியைக் கழற்றினார். மூடியைத் திறந்து சீட்டை நகத்தால் சுரண்டினார். அழுத்தி ஒட்டியிருந்ததால் பாதிதான் வந்தது.

மனைவி மருந்துக் குழாயின் திருகைத் திருப்பிச் சொட்டு விழுவதைச் சரிசெய்தாள். கடிகாரத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "நீங்க போங்க, நான் எண்ணிக்கிறேன்" என்றாள்.

அவளுடைய உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டே அவரும் எண்ணத் தொடங்கினார். மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.