பிட்டுவின் நூல்

மருதம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் சட்டையிலாவது நூல் தொங்கினால் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் கை வைத்துத் திட்டு வாங்கியிருக்கிறாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தோளிலேயே பிசிறு தேடியவள். "ஏனுங்கக்கா, எங்களையும் பனியன் பீஸுன்னு நெனச்சுட்டீங்களா?" என்று கம்பெனிப் பெண்கள் கேலி செய்வார்கள். அவள் என்ன செய்வாள், பாவம். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவதுதான் அவள் வேலை. தைத்து வரும் பனியனைத் திருப்பிப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் எடுக்க வேண்டும். கத்தரிக்க வேண்டியதைக் கத்தரிப்பாள், இழுத்தால் வருவதை இழுத்துப் போடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே வேலை. கட்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் கை மட்டும் ஓயவில்லை.

பிட்டு அவளிடம் வந்ததும் கம்பெனி வழியாகத்தான். வெட்டி மிஞ்சிய பிட் துணி மூட்டைக்குள் ஒரு பூனைக்குட்டி கண் திறக்காமல் கத்திக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் தங்கதுரை, "தூக்கி வெளிய போடுங்க" என்றான். போடுவாளா? முந்தானையில் சுற்றித் தன் லைன் வீட்டு ஒற்றை அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். பிட் மூட்டையில் கிடைத்ததால் பிட்டு. அப்புறம் வாயைத் திறந்தால் பிட்டு புராணம்தான். மத்தி மீன் என்றால் உயிரை விடுவானாம். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் கூரையிலிருந்து குதித்து ஓடி வருவானாம். கேட்பவர்களுக்குக் காது புளித்துப்போகும், அவளுக்கு அலுக்காது. அந்த ஒற்றை அறையில் அவளுக்காகக் காத்திருந்த உயிர் அது ஒன்றுதான்.

பொழுதெல்லாம் பிசிறு வெட்டுகிறவளின் சேலையில் நூல் ஒட்டாமல் வருமா? அவள் உதறிய நூலோடுதான் பிட்டு விளையாடுவான். அதில் ஒன்றை முழுங்கித் தொலைத்திருக்கிறான். ஒருநாள் காலை அவன் பின்பக்கம் சிவப்பு நூல் தொங்குவதை மருதம்மாள் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் நாலு பேரைக் கேட்டிருப்பார்கள். இவள் கைதான் கேட்காதே! பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். பிட்டு வீறிட்டான், நூல் ஒரு சாண் வந்து அறுந்தது. "அப்பாடா, வந்துருச்சு" என்று கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று மாலை செருப்புச் சத்தத்துக்கு யாரும் ஓடி வரவில்லை. பிட்டு மூலையில் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் அவனை அட்டைப்பெட்டியில் வைத்து, பொங்கலூர் ரோட்டில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் பிராணிகள் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே வேலை பார்க்கும் கலைமகள் என்ற பெண்தான் பெட்டியை வாங்கினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நூல் தானா வந்துச்சா, நீங்க இழுத்தீங்களா?" என்று கேட்டார்.

"நானே இழுத்துட்டனுங்க" என்றாள் மருதம்மாள், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் கலைமகளைப் பார்த்தார். அவள் குனிந்து பெட்டியை உள்ளே எடுத்துப்போனாள்.

குடல் கிழிந்திருக்கிறது என்று அன்றே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். கம்பெனியிலோ ஷிப்மெண்ட் நேரம். "பூனைக்கெல்லாம் லீவா? ஞாயித்துக்கெழமை போய்க் கொஞ்சிக்கங்க" என்று தங்கதுரை கையை விரித்துவிட்டான். அவள் வேலை முடிந்து வருவதற்குள் காப்பகத்தின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கலைமகள்தான் வழி சொன்னாள். "டீ டைம்ல போன் போடுங்கம்மா. நான் அவன் காதுகிட்ட வெக்கிறேன், பேசுங்க."

அப்படியே செய்தாள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தையல் மெஷின் இரைச்சலுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து, "பிட்டு, என்ற தங்கம், அம்மா வந்துருவன்டா" என்பாள். "காத ஆட்டுறானுங்கம்மா" என்று கலைமகள் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் மருதம்மாள் ஆறிப்போன டீயைக் குடிப்பாள். பூனைக்குப் போன் பேசுகிறவள் என்று கம்பெனியே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். முன்பின் தெரியாத பூனைக்கு ஊசிக்குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பீ மூத்திரம் துடைத்து, கடி வாங்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் போல் ஒருத்தி இந்தக் கம்பெனியில் உண்டா?

ஆனால் காது ஆட்டுவது நின்றுபோனது. "கேக்குறான்னு நெனைக்கிறனுங்க" என்று மட்டும் கலைமகள் சொல்லத் தொடங்கினாள்.

சனிக்கிழமை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தானாக வராத ஒரு நூலை மருதம்மாள் பனியனிலிருந்து இழுத்தாள். துணி சுருங்கி, தையல் ஓரம் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ நேரம் வந்ததும் டம்ளரைத் தொடாமல் போனை எடுத்தாள்.

"கண்ணு, நா இழுத்ததுலதான் அவனுக்குக் கொடலு கிழிஞ்சுதா?"

 கலைமகள் மெதுவாகச் சொன்னாள். "அது இப்ப வேண்டாங்கம்மா. போனை அவங்கிட்ட வெச்சிருக்கேன். பேசுங்க."

 டீ நேரம் முடிகிற வரைக்கும் மருதம்மாளின் அழுகைதான் கேட்டது. கலைமகளும் பிட்டுவின் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். கேட்டுக்கு வெளியிலேயே கலைமகள் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே மருதம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"வெடியறப்பப் போயிட்டானுங்கம்மா. என்ற மடியிலதான் இருந்தான். போன்ல சொன்னா பஸ்ஸுல ஒண்டியா அழுதுட்டு வருவீங்கன்னு சொல்லலீங்க."

வெள்ளைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். தென்னைக்கு அந்தப் பக்கம் கலைமகளே குழி வெட்டி வைத்திருந்தாள். இரண்டு பேருமாக மண்ணைத் தள்ளினார்கள். மருதம்மாளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பிட்டுவைக் கொன்றது இந்தக் கைதான். இனி எத்தனை காலம் இருந்தாலும் இதே கையால்தான் சோறு தின்ன வேண்டும், இதே கையால்தான் நூல் எடுக்க வேண்டும்.

கலைமகளின் முழங்கை வரைக்கும் பிட்டுவின் நகக் கீறல்கள். அவன் பிறாண்டியதில் சுடிதார் கைப்பக்கம் கிழிந்து ஒரு நூல் தொங்கியது. மருதம்மாளின் விரல் தானாக அதனிடம் போனது, பாதியில் நெருப்பைத் தொட்டாற்போல் நின்றது.

கலைமகள் அதைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டி, "இழுத்துருங்கம்மா. பரவால்லீங்க" என்றாள்.

மருதம்மாள் இழுக்கவில்லை. நூலைக் கிழிசலுக்குள் மெல்லச் செருகிவிட்டு, கீறல் விழுந்த அந்தக் கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லா இருக்கோணும் கண்ணு" என்றாள். "நீயாவது அவன நோகாமப் புடிச்சிருந்தயே."