அம்மா மோட்சத்துக்குப் போயிருக்குமா?

கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மெழுகு உருகும் வாசனை என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப் போனது.

அம்மா இறந்த வருடம் அது. அவள் கிறிஸ்தவரான அப்பாவைக் கட்டிக்கொண்ட மீனவர் வீட்டு இந்துப் பெண், ஞானஸ்நானம் பெறாதவள். முதலியார்பேட்டையில் ஞாயிறு ஞானோபதேச வகுப்பில், ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு மோட்சமில்லை என்று பாடம் வந்தபோது கேட்டேன்.

"எங்கம்மா மோட்சத்துக்குப் போயிருக்குமா, சிஸ்டர்?"

சிஸ்டர் புத்தகத்தை மூடினார். "ஜெபம் பண்ணிக்கம்மா" என்றார்.

வீட்டில் அப்பாவிடமும் கேட்டேன். சோறு பிசைந்த கை நின்றது.

"அவ இல்லாத எடத்துல எனக்கு என்னா வேல?"

அடுத்த வாரத்திலிருந்து என்னை மட்டும் பூசைக்கு அனுப்பிவிட்டு அவர் மாதா கோயில் வாசலிலேயே நின்றார். உள்ளே குடும்பம் குடும்பமாக இருந்தவர்களுக்கு நடுவில் நான் தனியாக மண்டியிட்டேன்.

இன்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லி ஜெபித்தேன். பக்கத்தில் நின்று ஆமென் சொல்ல யாருமில்லை.