தேவகுமாரியின் முதல் பந்தி

தலைச்சோலை லுத்தரன் கோயிலில் இராப்போஜனம் காலை பத்து மணிக்கு நடக்கும். அதைக் கொடுக்கிறவரை ஐயர் என்பார்கள். பூணூல் கிடையாது, சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறி வரும் பாதிரியார்தான். இதிலெல்லாம் அறுபதுகளில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. திராட்சரசத்தை யார் முதலில் குடிப்பது என்பதிலும் இருந்ததில்லை.

சபையில் எல்லோரும் சமம் என்பதற்கு அடையாளமாக ஒரே ஒரு வெள்ளிப் பாத்திரம், மிஷன் காலத்து வெள்ளைக்காரர் விட்டுப்போனது. அந்தச் சமத்துவத்தைப் பந்தி பிரித்துப் பருகினார்கள். முதல் பந்தி எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் நல்லமுத்து குடும்பம். அடுத்து மேஸ்திரிமார், பிறகு கூலிக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் பம்பு ஹவுஸ் சித்தன். ஞானஸ்நானத்தில் அவனுக்குப் பேதுரு என்று பெயர் வைத்தும் சபைக்கு அவன் சித்தன்தான். எல்லோரும் முடித்த பிறகு, தனியாக, தேவகுமாரி.

அவள் காப்பிக்கொட்டை பொறுக்குகிறவள். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய புருஷன் விழுந்து செத்த மறுவருஷம் அவளுக்கு டி.பி. வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டே குணப்படுத்தினார்கள். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். அவளுக்காக முழங்காலில் நின்று ஜெபித்த சபை, ஜெபம் கேட்கப்பட்டதென்று சாட்சியும் சொன்னது. அவள் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைக்கும் அளவுக்கு அந்தச் சாட்சியை நம்பவில்லை, அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே ஒரு ஞாயிறு கடைசிக்குப் போனாள். நல்ல மனசு என்று மெச்சினார்கள். அவளுக்குப் பின் மிச்சத்தைக் குடிப்பது ஐயரின் கடமை.

வருஷங்கள் போயின. மகள் லேயாள் ஞானோபதேசம் ஒப்பித்து, பிள்ளைகளை முதன்முதலாகப் பந்தியில் சேர்க்கும் திடப்படுத்தலுக்கு நின்றாள். அன்றைக்குப் பிள்ளையும் பெற்றவர்களும்தான் முதல் பந்தி. ரைட்டரே காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் நின்றது லேயாள் ஒருத்திதான்.

முந்தின நாள் காப்பிக் களத்துக்கு ரைட்டர் சம்சாரம் இன்பமேரி வந்தாள்.

"நாளைக்கு எங்க ஊட்டுக்காரரு வேணா புள்ள கூட முட்டி போடட்டுமா, தேவகுமாரி? அப்பன் ஸ்தானத்துல. நீ எப்பவும்போல பொறவு வந்துக்கோ கண்ணு."

"சரிங்க" என்றாள் தேவகுமாரி.

"என்னத்த சரிங்க?" என்று பக்கத்திலிருந்த லேயாள் பாய்ந்தாள். "எனக்கு அப்பன் இல்லீங்க, ரைட்டரம்மா. அம்மாதான் இருக்குது. அது வல்லீன்னா நானும் போவுல."

"நொம்ப வாய்டி உனக்கு! ஐயரு இதையா சொல்லிக் குடுத்தாரு?"

"அவருதாங்க சொன்னாரு, பாத்திரம் ஒண்ணுன்னு."

மறுநாள் தேவகுமாரி மகளோடு போய் முட்டி போட்டாள். லேயாள் குடித்தாள், பிறகு தேவகுமாரி. ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த பந்திக்குக் காத்திருந்தார்.

பந்திக்கு முந்தச் சொன்ன பழமொழியை அன்று யாரும் மதிக்கவில்லை. ஒருத்தி குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டாள். மேஸ்திரி ஒருவர் பாட்டுப் புத்தகத்தில் மும்முரமாகப் பக்கம் தேடினார். பாட்டின் எல்லாச் சரணமும் முடிந்து, பாட்டு நடத்தும் உபதேசியார் முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். ஜெர்மன் ராகம், சாதாரணமாகவே ஊர்ந்துதான் போகும். தேவகுமாரி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் திரும்பி அத்தனை முகங்களையும் பார்க்க வேண்டும்.

பின்னாலிருந்து சித்தனின் குரல் வந்தது. "ஏனுங்க, ஆரும் போவலீங்களா? அப்ப நான் போறனுங்க."

அவன் நடுவழியில் நடந்து வருவதை ரைட்டர் பார்த்தார். நோய்க்கு அவர் பயந்தவர்தான். ஆனால் சித்தன் குடித்ததற்குப் பிறகு தான் குடிப்பதா என்று நினைத்த மாத்திரத்தில் அந்தப் பயம் சிறுத்துவிட்டது. "டேய், இருடா!" என்று எழுந்தவர், வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். அவசரத்தில் தேவகுமாரியை ஒட்டியே முட்டி போட்டார். பாத்திரத்தை வாங்கிக் குடித்தார். அவருக்கு அடுத்து சித்தன். ரைட்டரே குடித்தபின் மேஸ்திரிமார் என்ன சொல்ல முடியும்? பக்கம் கிடைத்துவிட்டது, எழுந்து வந்தார்கள்.

அடுத்த மாதம் தேவகுமாரி பழக்கதோஷத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இன்பமேரி அங்கேயே வந்து அதட்டினாள்.

"இங்க என்ன பண்ற? எங்க ஊட்டுக்காரரு உனக்குப் பொறவு குடிச்சது ஊருக்கே தெரியும். இப்ப நீ ஒதுங்கி உக்காந்தா அவருக்குத்தான அசிங்கம்? முன்னால போ."

தேவகுமாரி போனாள். மேஸ்திரி வீட்டம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். கொஞ்சம் தாராளமாகவே நகர்ந்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை.