போர் தண்ணீருக்குச் சாயம் போட்டது யார்?

அந்த பாட்டிலை என் மேசை மேல் டொக்கென்று வைத்தவர் கருவடிக்குப்பத்து சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பாட்டிலில் பாதிதான் தண்ணீர். அடியில் செங்கல் நிறத்தில் வண்டல்.

“பாருங்க மதாம். பக்கத்து வூட்ல சரோஜான்னு ஒருத்தி பொடவைக்குச் சாயம் போடுறா. அது எம் போர்ல எறங்கிடுச்சி. ஒரு வெள்ளச் சட்ட போட முடியல. ரிப்போர்ட் குடுங்க, பட்டறைய இழுத்து மூட வெக்கிறேன்.”

இரண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில் நடந்தது இது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் நான் சீனியர் அனலிஸ்ட். வழக்கப்படி கலங்கலை ஃபில்டர் செய்துவிட்டு, தெளிந்த நீரில் இரும்பு பார்த்தோம். அனேகமாக இல்லை. எங்கள் அதிகாரிக்கு அதுவே போதுமாக இருந்தது.

“அயர்ன் இல்ல, கலர் இருக்கு. அப்புறம் என்னம்மா? சாயம்னு எழுதி ஃபைல முடி.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஃபில்டர் பேப்பர்ல செவப்பா ஒட்டிக்கினு இருக்கே சார், அத யாரு பாக்குறது?” என்றேன். முகம் தெரியாத ஒருத்தியின் பிழைப்பு என் ஒரு வரியில் போய்விடும். 

மறுநாள் நானே போனேன். சொல்தா நேராகக் குளியலறைக் குழாய்க்கு அழைத்துப் போனார்.

“டேங்க் தண்ணி வேணாம் முசே. மோட்டாரப் போடுங்க,” என்றேன். அவர் மதாம் என்றால் நான் முசே என்பேன், எங்கள் ஊர் பிரெஞ்சு மரியாதை அது.

போர் வாயில் தண்ணீர் பளிச்சென்று வந்தது. அவரே குனிந்து பார்த்தார். ஒரு பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, அங்கேயே ஆசிட் விட்டு மூடினேன். இன்னொன்றில் பாதி பிடித்து, மூடாமல் வைத்தேன்.

அந்தப் பக்கத்துச் செம்மண்ணுக்கும் கீழேயுள்ள பாறைக்கும் இரும்பு சொந்தம். ஆழத்தில் காற்று கிடையாது, அதனால் இரும்பு தண்ணீரில் கரைந்தே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். லேபில் நாங்கள் ஃபில்டர் செய்து ஒதுக்கியது அந்தத் துருவைத்தான். ஆசிட் விட்டால் கரைந்தபடியே நிற்கும். இதையெல்லாம் நான் சொல்ல, “அவ இன்னிக்குச் சாயம் போட்டிருக்க மாட்டா” என்று அவர் மல்லுக்கு நிற்க, மூடாத பாட்டிலில் மெல்ல மஞ்சள் படர்ந்து, சிவப்பு தட்டியது. மூடியது தெளிவாகவே இருந்தது. அவர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கி மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அடுத்து சரோஜா வீடு. சொல்தா கேட்டோடு நின்றுகொண்டார். அங்கேயும் அதே தண்ணீர்.

“எனக்கும் இதே தொல்லதாம்மா. வெளிர் கலரு போட்டா மங்கிப் போவுது. அதுக்குன்னே லாரித் தண்ணி வாங்குறேன்,” என்றார் சரோஜா. “சொன்னா யாரு நம்புறா? செவப்பா எது ஓடுனாலும் என் சாயந்தான்னுறாங்க.”

கேட்டிலிருந்து குரல் வந்தது: “அப்ப நான் யார் மேலதான் மதாம் கேஸ் போடுறது?”

அவர் காலடி மண்ணைக் காட்டினேன். சரோஜா சிரித்துவிட்டார். சொல்தா சிரிக்கவில்லை.

சாயக் கழிவு நல்லது என்று நான் எழுதவில்லை. அதைத் தரையில் விடக்கூடாது என்று சரோஜாவிடமும் கறாராகச் சொன்னேன். இந்த நிறத்துக்கு அது காரணமில்லை, இரும்புதான் என்று மட்டும் எழுதினேன். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். காற்றுப் படும்படி தண்ணீரைத் தூவி விட்டு, படிகிற துருவை மணலில் வடிகட்டச் சொல்லி இரண்டு வீட்டுக்கும் யோசனை கொடுத்தேன்.

இப்போது லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மேசைக்கு வந்து சேர்கிற தண்ணீர், மண்ணுக்குள் இருந்த அதே தண்ணீர் அல்ல. சந்தேகம் வந்தால் போர் வாய்க்குப் போங்கள்.

சில மாதம் கழித்து அந்த வழியே போனேன். சொல்தா வீட்டு முற்றத்தில் மணல் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் மதிலைத் துளைத்துச் சரோஜாவின் பட்டறைக்குப் போயிற்று. ஓட்டை கோணல்மாணலாக இருந்தது.

“யாரு முசே இப்பிடி ஒடச்சது?”

“நாந்தான்,” என்றார், வெள்ளைச் சட்டையைத் தட்டிவிட்டபடி. “கொத்தனாரு நாளைக்கி வரேன்னான். அதுவரைக்கும் யாரு காத்துக்கினு இருக்குறது?”