கையில் பொம்மை இருந்த ஆள்

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் தண்டவாளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் குணசேகரன் என்று கேட்டால் யோசிப்பார்கள். பொம்மைக்காரர் வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள். முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் மூன்று தட்டு இரும்பு ரேக். அதில் பொம்மைகள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் மாசி மாதத்தில்கூடக் கொலு வைத்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். மாசியில் ஏது கொலு?

குணசேகரன் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். பேச்சு குறைவு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூரில் உசேன் நடத்தும் காயலாங்கடைக்கு ஒரு நாள் ஃபேன் ரெகுலேட்டர் தேடிப் போனார். அரைவைக்குப் போகும் பிளாஸ்டிக் சாக்கில், ஷாம்பூ டப்பாக்களுக்கும் உடைந்த வாளிக்கும் நடுவில் ஒரு பொம்மை மல்லாந்து கிடந்தது. ஒரு கண் திறந்திருந்தது, மறு கண் பாதி மூடியிருந்தது. இதையும் மெஷினில் போடுவீர்களா என்று உசேனிடம் கேட்டார். பின்னே, பிளாஸ்டிக்தானே என்றார் உசேன். குணசேகரன் ரெகுலேட்டரை மறந்து பொம்மையோடு வீட்டுக்கு வந்தார்.

மனைவி தாயம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பேத்தி கூட இன்னும் பிறக்கவில்லை, யாருக்கு இது என்று கேட்டாள். மூஞ்சி நன்றாக இருந்தது என்றார். அதற்கு மேல் அவரால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. பிற்பாடு யார் கேட்டபோதும் அவர் வேறு காரணம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. கை போனது, கால் போனது, யாரோ ஒரு பிள்ளை பேனாவால் மீசை வரைந்தது, குடை பிடித்த ஜப்பான்காரி, தலை மட்டும் இருந்த ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து அவற்றைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். காது குடையும் பஞ்சுக் குச்சியால் கண் ஓரத்து அழுக்கை எடுப்பார். சிக்குப் பிடித்த முடியை நுனியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவார். தாயம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"இன்னாயா இது, வூடா காயலாங்கடையா?"

கேட்டாளே தவிர, அடுத்த வாரம் தையல் மெஷினில் ஒரு கவுன் தைத்துப் போட்டவளும் அவள்தான். ஜாக்கெட் பிட்டில் மிஞ்சிய பச்சைத் துணி. பொம்மை அம்மணமாக ஜன்னலில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

போட்டோ எடுக்கும் பழக்கம் அப்புறம் வந்தது. யார்டில் கூட வேலை செய்த ஒருவர் விற்ற பழைய போன். காலையில் லாரிகள் தூசியைக் கிளப்புவதற்கு முன்னால் ஜன்னலில் விழும் வெளிச்சம்தான் சரி என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டுவார். நிழல் விழும் பக்கம் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைப்பார். போனை அரிசி டப்பாவின் மேல் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார். பேஸ்புக்கில் பொம்மை சேர்ப்பவர்களின் குழு ஒன்று இருந்தது. அதில் போடுவார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீச்சர், இந்தப் பொம்மை உங்களையே பார்ப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதைத் தாயம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

தெருப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே வர அனுமதி இருந்தது எதிர்வீட்டு கௌசரின் மகள் ஜஸீமாவுக்கு மட்டும்தான். இரண்டாவது படிக்கிற பிள்ளை. கை கழுவிவிட்டுத்தான் தொடுவாள். எந்தப் பொம்மைக்கு எந்த இடம் என்பது அவளுக்கு மனப்பாடம். அவளுடைய பிறந்தநாளுக்கு ரோஸ் கலர் கவுன் போட்டு அழைத்து வந்த கௌசர், பொம்மைகளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நாற்காலியில் ஜஸீமா, மடியிலும் காலடியிலும் பொம்மைகள், பின்னால் ஒரு பொம்மையின் கையைத் தூக்கி டாட்டா காட்டியபடி குணசேகரன். எடுத்தது கௌசர். அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்ததும் அவள்தான். குணசேகரனுக்கும் அனுப்பினாள்.

அந்த மாசி மாதம் சென்னை முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றிய பேச்சாக இருந்தது. எந்த ஊர் என்று தெரியாத வீடியோக்கள், யார் என்று தெரியாத குரல்கள். போலீஸ் வதந்தி என்று அறிவித்தும் அடங்கவில்லை. பள்ளிக்கூட வாசல்களில் அம்மாக்கள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்கள். கௌசரின் ஸ்டேட்டஸிலிருந்து அந்தப் படத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள். யார் என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. இந்த ஆள் பொம்மை காட்டிப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டுப் போகிறான், படத்தில் இருக்கும் குழந்தையை ஒரு வாரமாகக் காணோம் என்று ஒரு ஆணின் குரலைச் சேர்த்துப் பரப்பிவிட்டார்கள். கொருக்குப்பேட்டைக்கு அது வரவில்லை. வந்திருந்தால் சிரித்திருப்பார்கள், ஜஸீமா அங்கேதானே விளையாடிக்கொண்டிருந்தாள். அது திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் எண்ணூரிலும் சுற்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உசேன் ஒரு பெரிய பொம்மையை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி வரச் சொன்னார். இரண்டு வயதுப் பிள்ளை உயரம், ஒரு கால் இல்லை, கண் மட்டும் நன்றாக மூடித் திறந்தது. பைக்குள் அடங்கவில்லை. குணசேகரன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார். பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் அழுகிற குழந்தையோடு நின்றாள். வெயில். குழந்தை பொம்மையைப் பார்த்துக் கை நீட்டியது. குணசேகரன் பொம்மையைச் சாய்த்துக் கண்ணை மூட வைத்தார், நிமிர்த்தித் திறக்க வைத்தார். குழந்தை அழுகையை நிறுத்தியது.

லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஒருவன் அவரைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து எந்த ஏரியா என்று கேட்டான். சொன்னார். கொருக்குப்பேட்டை ஆளுக்கு இங்கே என்ன வேலை என்றான். பொம்மை வாங்க வந்தேன் என்றார். அதற்குள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். குழந்தையை வைத்திருந்த பெண் பின்னால் தள்ளிப் போய்விட்டாள். முதல் அடி முதுகில் விழுந்தது.

பொம்மை சேர்க்கிறவன் நான், போட்டோ எல்லாம் இருக்கிறது என்று சொல்லி அவரே போனை எடுத்துத் திறந்து நீட்டினார். ஒருவன் பிடுங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனான். பொம்மை, பொம்மை, பொம்மை. அதற்கு நடுவில் ரோஸ் கவுன் போட்டு ஜஸீமா. அவர்களிடம் இருந்த அதே படம். அவன் போனை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். அதற்குப் பிறகு யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு உசேன் கடையை அப்படியே விட்டு ஓடிவந்தார். தெரிந்த ஆள், விடுங்கள் என்று கத்தியவருக்கும் அடி விழுந்தது. ரோந்து வண்டி வந்து இருவரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. குணசேகரன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒரு கண்தான் விழித்தது. இடது கண் போயிருந்தது. வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் உடைந்திருந்தது.

அடித்தவர்கள் மேல் கேஸ் போட்ட போலீஸ், புகார் என்று ஒன்று வந்ததால் இவரையும் விசாரிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தது. ரேக்கில் இருந்த எல்லாவற்றையும் தரையில் இறக்கினார்கள். ஒரு கான்ஸ்டபிள் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று காதருகே குலுக்கிப் பார்த்தார். சிலதின் தலையைத் திருகிக் கழற்றினார்கள். இன்னொருவர் தரையில் கிடந்தவற்றை மேலே நின்றபடி வரிசையாகப் போட்டோ எடுத்தார். தாயம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். வாசலில் தெரு முழுக்க நின்றது. யாரும் உள்ளே வரவில்லை.

கௌசர் வந்தாள். போகாதே, நம் பிள்ளை பெயர் ஸ்டேஷனில் ஏறும் என்று அவள் கணவன் தடுத்திருக்கிறான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக அதிகாரியிடம் போனாள்.

"அந்த போட்டோ நான் எட்த்தது சார். ஸ்டேட்டஸ்ல வெச்சதும் நான்தான். அவுரு கேக்கவே இல்ல. என் பொண்ணு தோ, எங்க வூட்லதான் கீறா."

எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு கௌசரும் தாயம்மாவும் தலைகளைத் தேடித் தேடிப் பொருத்தி ரேக்கில் ஏற்றினார்கள். எது எங்கே இருந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. கௌசர் அழுதுகொண்டே இருந்தாள். தாயம்மா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

ஒரு கண்ணோடு ஃபோர்க் லிஃப்ட் ஓட்ட முடியாது. தூரம் பிடிபடாது. யார்டில் வேறு ஆளைப் போட்டார்கள். தாயம்மா திருவொற்றியூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போக ஆரம்பித்தாள். தெருவில் யாரும் அவரைத் தப்பாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவர் வாசலுக்கு வந்து உட்கார்ந்தால், நாலு வீடு தள்ளி ஒரு அம்மா பிள்ளையின் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிடுவாள். பிள்ளை ஏன் என்று கேட்கும். வாடி என்பாள். சில நாள் கழித்து அவர் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டார். கௌசர் குடும்பம் மாத்தூருக்கு வீடு மாறிப் போயிற்று. சொல்லிக்கொள்ள கௌசர் மட்டும் வந்தாள். பாப்பா எங்கே என்று குணசேகரன் கேட்டார். தூங்குகிறாள் என்றாள். மாலை நாலு மணி அப்போது.

கேஸ் இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, லோடு ஆட்டோக்காரன் வீடு தேடி வந்தான். பெயர் டில்லிபாபு. முப்பது வயதிருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படியிலேயே நின்றான். வக்கீல்தான் நேரில் போய்ப் பார்க்கச் சொன்னாராம். சமாதானமாகப் போய்விட்டால் கேஸ் முடியும், தனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அன்றைக்கு அவர்களை நினைத்துத்தான் கை நீண்டது என்றான். பேசும்போது குணசேகரனின் நல்ல கண்ணையும் பார்க்கவில்லை, போன கண்ணையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்தான். தாயம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றுகொண்டாள்.

குணசேகரன் அத்தனை நாளும் உள்ளே வைத்திருந்ததைக் கேட்டார்.

"கைல பொம்ம வெச்சிகினு இருந்தேனே. பொம்மய வெச்சிகினு நிக்கறவன அடிக்க எப்டிப்பா கை வந்திச்சி?"

டில்லிபாபு குழம்பிப் போனான். மறைக்கத் தெரியாதவன்.

"பொம்ம இருந்ததாலதாண்ணே அட்ச்சோம். அது இல்லன்னா உன்ன யாருண்ணே திரும்பிப் பாத்திருப்பா?"

தாயம்மா அவனைப் போகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அன்றைக்குக் குணசேகரன் சாப்பிடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், இதெல்லாவற்றையும் மூட்டை கட்டி உசேன் கடைக்கே அனுப்பிவிடு என்றார். அவள் கேட்காதவள் போலத் துணி மடித்தாள். மறுபடி சொன்னார்.

"அன்ப்பிட்டா, அவனுங்க சொன்னது நெசம்னு ஆயிடும்யா," என்றாள். "கெடக்கட்டும்."

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். இடது கையால் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று போட்டார்.

ஜன்னல் அப்படியே சாத்தித்தான் இருக்கிறது. இருந்தும் தண்டவாளத்துக் கூட்ஸ் யார்டின் சிமென்ட் தூசி எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. கம்பெனிக்குப் போகாத நாளில் தாயம்மா ஈரத்துணியால் பொம்மைகளின் முகத்தைத் துடைக்கிறாள். குணசேகரன் நாற்காலியைப் பின்கட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கூட்ஸ் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். போலீஸ் எடுத்துப்போன அவருடைய போன் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. வாய்தா அன்று இருவரும் காலையிலேயே கிளம்பிப் போகிறார்கள். பஸ்ஸில் குழந்தையோடு யாராவது ஏறினால் அவர் எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொள்கிறார். தாயம்மாவும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்கிறாள்.