பச்சை நாடா ஒட்டிய பேணி

பச்சை நாடா ஒட்டிய சாமானில் கை வைக்கக் கூடாது. வீடு காலி செய்து கொடுக்கும் வேலையில் எங்களுக்கு இருந்த பெரிய சட்டம் அது ஒன்றுதான். வீட்டுக்காரர் தனக்கு வேண்டியதற்குப் பச்சை நாடா ஒட்டி வைப்பார். மற்றதெல்லாம் வாசலில் நிற்கும் இரும்புக் குப்பைக் கொன்ரெயினருக்குள் போகும். ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் நான் அந்தச் சட்டத்தை மீறினேன். மூத்தவளே, உனக்கு அது தெரியும். உன் தம்பிக்குத் தெரியாது. அவன் தமிழ் வாசிக்கத் தொடங்கும்போது எனக்குச் சொல்ல மனம் வராமல் போகலாம். அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் நீ திருத்து.

வீடு, நாங்கள் வந்து குடியேறிய இந்தப் பிரெஞ்சுக்கார நகரத்தின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்தது. கார்த்திகை மாதம், மூன்று நாளாக விடாத மழை. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போக இருந்தார். முழங்கால் சரியில்லாததால் நிலவறைக்கு அதிகம் இறங்கமாட்டார். படிக்கட்டுச் சுவரில் அவருடைய தகப்பன் பட்டாள உடுப்போடு நிற்கும் படம் தொங்கியது. ஹொங்கொங்குக்குச் சண்டைக்குப் போய், ஜப்பான்காரரிடம் பிடிபட்டு, நாலு வருடம் கைதியாக இருந்தவராம். முதல் நாளே சொன்னார். நான் "ஓ" என்று சொல்லிவிட்டுச் சோபாவைத் தூக்கினேன்.

என்னோடு வேலை செய்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை. என்னை விடப் பத்து வயது மூத்தவர். நான் ஒவ்வொரு நாடாவையும் இரண்டு தரம் பார்ப்பதைக் கண்டு, "நாடாவுக்குப் பூசையும் செய்து போட்டு வாரும்" என்று நக்கலடிப்பார்.

இரண்டாம் நாள் மத்தியானம் நிலவறையில், பாதி மிஞ்சிய பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால், ஒரு பழைய பிஸ்கற் பேணி இருந்தது. பச்சை நாடா ஒட்டியிருந்தது. தூக்கும்போது மூடி கழன்று விழுந்தது. உள்ளே மடித்த வெள்ளைச் சீலை. மஞ்சளடித்துப் போயிருந்தது. ஒரு சாண் அகலம், ஓரத்தில் கட்டுவதற்கு நாடா. மேல் மடிப்பு முழுவதும் சிவப்பு நூலால் போட்ட சின்னச் சின்ன முடிச்சுகள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சுகள் சேர்ந்து ஒரு புலியாக நின்றன.

படிக்கட்டில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

புலியைச் சீலையில் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எனக்குப் பதினாறு வயதில், ஆமிச் சோதனைச் சாவடி ஒன்றில், பாடக் கொப்பியின் பின்மட்டையில் யாரோ கீறிய புலிப் படத்துக்காக ஒருவனை இறக்கி வைத்துக்கொண்டு எங்கள் பஸ்ஸை அனுப்பினார்கள். பஸ்ஸில் இருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அண்ணை வந்து பார்த்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"தம்பி, உம்மட சிற்றிசன் பேப்பர் எங்க நிக்குது?"

"சத்தியப்பிரமாணத்துக்குக் கூப்பிடுவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அப்ப இதை ஒருத்தரும் காணக்கூடாது."

"அண்ணை, நாடா ஒட்டியிருக்கு. அந்த அம்மாட சாமான்."

"வெள்ளைக்கார மனிசிக்குப் புலிச்சீலை என்னத்துக்கு? நாளைக்கு ஆரும் வந்து கேட்டால், ரெண்டு தமிழர் வேலை செய்த வீடு. ஆரின்ர சாமான் எண்டு எழுதுவாங்கள்? யோசியும்."

யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அந்தச் சீலையை முழுதாக விரித்திருந்தாலே மறு ஓரத்தில் மையால் எழுதியிருந்த ஜப்பான் எழுத்தைக் கண்டிருப்போம். விரிக்கவில்லை. நாடாவை நானே உரித்தேன். பேணியையும் சீலையையும் கறுப்புப் பையில் போட்டு, வாயைக் கட்டி, மழைக்குள் போய் கொன்ரெயினரில் எறிந்தேன்.

நாலு மணிக்கு அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பெயின்ற் வாளிகள் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்தார். பேணியைக் கண்டீர்களா என்று கேட்டார். அண்ணை இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை அது ஜப்பானுக்குத் தபாலில் போக வேண்டும், தகப்பன் சாகும்போது தன்னிடம் கேட்ட ஒரே காரியம் அது என்றார். எங்களைச் சந்தேகிக்கவில்லை. தான்தான் எங்கேயோ மாற்றி வைத்துவிட்டதாகத் தன் தலையையே குறை சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டே நான் அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது மூத்தவளே, நீ குசினியில், சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்தாய். ஜப்பான் பட்டாளத்துக்கும் புலிக்கும் ஏதும் சம்பந்தம் உண்டோ என்று, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டேன். நீ போனில் தேடிப் படத்தைக் காட்டினாய். அதே முடிச்சுகள். நீ பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னாய்.

மகன் சண்டைக்குப் போகும்போது தாய் தெருமுனையில் சீலையோடு நிற்பாளாம். போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கொரு முடிச்சுக் கேட்பாளாம். ஆயிரம் பெண்கள், ஆயிரம் முடிச்சு. புலி வருடத்தில் பிறந்தவள் மட்டும் தன் வயதளவுக்கு முடிச்சுப் போடலாம். புலி எவ்வளவு தூரம் போனாலும் வீட்டுக்குத் திரும்பி வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மகன் அதை வயிற்றில் கட்டிக்கொள்வான். அந்தப் பட்டாளத்தில் எதிரியிடம் பிடிபடுவது சாவை விடக் கேவலம் என்று படிப்பித்தார்களாம். செத்தவனுடைய எலும்பு என்று வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வரும். கடைசிக் காலத்தில் சில பெட்டிகளுக்குள் ஒரு கல்லுத்தான் இருந்ததாம். மலாயாவிலிருந்து எங்கட தமிழ்ச் சனத்தையும் ஆயிரக்கணக்கில் காட்டுக்குள் தண்டவாளம் போடக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்தது அதே பட்டாளம்தான். அதையும் நீதான் வாசித்தாய்.

"அப்பா, ஏன் இதைக் கேக்கிறீங்கள்?" என்றாய்.

நான் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

கொன்ரெயினரை எடுக்க லொறி காலை எட்டு மணிக்கு வரும். ஆறரைக்கே போய்விட்டேன். கொன்ரெயினருக்குள் மழைத்தண்ணீர் முழங்கால் வரைக்கும் நின்றது. எல்லாப் பையும் கறுப்பு. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். லொறி வந்தபோது இன்னும் பாதி கிடந்தது. சாரதி ஹோர்ன் அடித்தான், பிறகு ஏசினான். அந்தச் சத்தத்துக்குத்தான் அந்த அம்மா குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் குப்பைக்குள் நிற்பதைக் கண்டார். கேள்வி கேட்காமல், கையை உயர்த்தி லொறிக்காரனை நிறுத்தி வைத்தார்.

பச்சைப் பெயின்ற் வாளி ஒன்று, நான் தேடிய பைக்கு மேல் விழுந்து உடைந்து, பையைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. சீலையின் ஒரு மூலை பச்சையாகிவிட்டது. புலியின் பின்னங்கால் தெரியவில்லை.

அந்த அம்மா என்னைக் குசினியில் உட்கார வைத்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன், நாடாவை உரித்தது நான்தான் என்பதையும். அண்ணையைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டார். பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் சீலையைத் துடைத்துக்கொண்டே தன் தகப்பன் கதையைச் சொன்னார்.

தகப்பனை ஜப்பானில் நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்திருந்தார்களாம். காவலுக்கு நின்றவர்களில் ஒரு சின்ன வயதுச் சிப்பாய். காலையில் அவனுடைய மேலாள் அவன் கன்னத்தில் அறைவான். மத்தியானத்துக்குள் அந்த அறை கைதிகளுக்கு வந்து சேரும். சண்டை முடிந்த கிழமை தகப்பன் அவனைப் பிடித்து நிறுத்தி, வயிற்றிலிருந்து இதை அவிழ்த்தெடுத்தார். சிப்பாய் தடுக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றானாம்.

"அந்தக் குடும்பத்தைப் போன மாதம்தான் கண்டுபிடித்தேன்," என்றார். "அவன் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. சண்டை முடிந்த பிறகும்."

நான் பச்சை மூலையைப் பார்த்தேன். அவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"அப்பா செய்ததை நான் எழுதிவிட்டேன். நீ செய்ததை நீ எழுது. உன் மொழியிலேயே எழுது, யாராவது வாசித்துச் சொல்வார்கள்."

பேனையைத் தந்தார். நடந்ததை எழுதினேன். கடைசியில் கையெழுத்து வைக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். புலி போட்ட சீலை இருக்கும் பேணிக்குள் என் முழுப் பெயர், விலாசத்தோடு, எல்லை கடந்து போகப் போகிறது. சத்தியப்பிரமாணத்துக்கு இன்னும் கூப்பிடவில்லை. என் பெயரோடு சேர்ந்து உங்கள் இருவரின் பெயரும் அந்தச் சிற்றிசன் விண்ணப்பத்தில் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. சீலையை மடித்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்து வைத்தேன். மூத்தவளே, அதை உனக்கும் நான் இதுவரை சொல்லவில்லை. மூடியை மூடி, பச்சை நாடாவை நானே திரும்ப ஒட்டினேன்.

அது போய் ஐந்து மாதமாகிறது. ஜப்பானிலிருந்து ஒன்றும் வரவில்லை. சிற்றிசன் அலுவலகத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. தபால்பெட்டியைத் திறக்கும் திறப்பை இப்போது நான் ஒருவரிடமும் கொடுப்பதில்லை. அது ஏன் என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.