பேறுகாலச் சம்பளம்

வயிற்றில் வந்துவிட்ட உயிரை யாரும் கலைக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்காக நாங்கள் மூன்று பெண்கள் ஒரு காலத்தில் கூட்டம் போட்டோம். இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அப்போதும் சிரித்தார்கள். கோயமுத்தூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அதை நடத்தி வந்த டாக்டரம்மா ஒருவர், மில் முதலாளி ஒருவரின் மனைவி, மூன்றாவது ஆள் நான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளியம்மா பங்களாவின் முன்னறையில் உட்காருவோம். அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொள்வார்கள், நான் உள்ளே நுழைந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். எனக்கும் அவர்களுக்குக் கொடுக்கும் அதே வெள்ளி டம்ளரில்தான் காப்பி வரும். நல்ல மனிதர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் கோபமாகப் பேசப் போகிறேன்.

எங்களைக் கூட்டம் போட வைத்தது எங்கள் வார்டுதான். எங்கேயோ ஒரு சந்தில், ஏதோ ஒரு கிழவியின் கைப்பக்குவத்தில் கலைத்துக்கொண்டு, காய்ச்சலோடும் ரத்தப்போக்கோடும் பெண்கள் வந்து சேர்வார்கள். சிலர் பிழைத்தார்கள். டாக்டரம்மா அவர்களில் ஒருத்தியைக்கூடத் திட்டி நான் பார்த்ததில்லை. "கலைக்காதேன்னு சொல்றதுக்கு ஒரு செலவும் இல்லைங்க. பெத்துக்கோன்னு சொன்னா, அதுக்கப்புறம் சோத்துக்கு நாமதான் பதில் சொல்லணும்" என்பார். அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். மதத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன், அந்த அளவுக்குப் பக்தி எனக்கு இல்லை.

துடியலூரில் முதலாளியம்மாவுக்கு ஒரு தோட்டம் இருந்தது. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அறைகளை வெள்ளையடித்து, கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்கள் பிரசவம் வரைக்கும் தங்கிக்கொள்ளக் கொடுத்தார். முதலில் வந்தவள் வால்பாறையில் தேயிலை பறிக்கிற பெண். மலையிறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, வந்து சேரும்போது பாதி உயிராக இருந்தாள். பிள்ளையைப் பெற்று எங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தோம், அநாதை இல்லத்துக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தோம். அவள் பையனைப் பழைய சேலையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு, "எங்கம்மா ரெண்டு அடி போடும், அப்புறம் தூக்கிக்கும்" என்று சொல்லி அதே பஸ்ஸில் ஏறிப் போனாள். டாக்டரம்மா ஒரு மாதம் வார்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது உண்மை. ஊரையே மாற்றிவிடலாம் என்று தோன்றியது. அந்த மாதிரி தோன்றியது அந்த ஒரு வருஷம்தான்.

அதற்கு அடுத்து வந்ததுதான் பெரிய செய்தி. பிரசவத்துக்குப் போகும் தொழிலாளிப் பெண்ணுக்கு லீவும் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் சட்டம் வந்ததா இல்லையா என்பதை மில்காரர்கள் அவரவர் சௌகரியப்படி நினைத்துக்கொண்டார்கள். முதலாளியம்மா தன் புருஷனிடம் சில நாள் பேசாமலேயே இருந்து காரியம் சாதித்துவிட்டார். "எங்க மில்லுல இனிமேல் பேறுகாலச் சம்பளம் ஒழுங்காக் கொடுக்கறதுன்னு முடிவாயிருச்சுங்க. வயிறு தெரிஞ்சா வேலை போயிருமோன்னு இனி யாரும் பயப்பட வேண்டியதில்லை" என்று அவர் சொன்னபோது டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குக் காப்பியோடு மைசூர்பாகும் வந்தது.

அந்த மில்லில்தான் என் தங்கை வேலை செய்தாள். நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில், பதிலி ஆளாக. பதிலி என்றால் தினமும் காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வரவில்லை என்றால் மேஸ்திரி வரிசையைப் பார்த்து விரலை நீட்டுவார். யாரை நோக்கி நீட்டுகிறாரோ அவளுக்கு அன்றைக்கு வேலை, மற்றவர்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இப்படி வருஷக்கணக்கில் விடாமல் நின்றால், எப்போதாவது ஒரு இடம் காலியாகும்போது பர்மனென்ட் ஆகலாம். இடையில் சில மாதம் நிற்காமல் போனால், திரும்பி வரும்போது வரிசையின் கடைசியில் புதுப்பெண்களுக்குப் பின்னால் போக வேண்டும். என் தங்கை பல வருஷமாக நின்று, வரிசையில் முன்னுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் அதே மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று தின்று நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார். இரண்டு பையன்கள், ஒரு மாமியார். அத்தனை பேருக்கும் அந்த விரல்தான் சோறு.

அவள் மூன்றாவதாக முழுகாமல் இருக்கிற விஷயத்தைச் சொல்ல ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, மில் செய்தி நான் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. மில் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு அதுதான். "அக்கா, இந்தத் தடவ பொட்டப்புள்ளைங்க. எனக்குத் தெரியுமுங்க. ரெண்டு தடியனுகளப் பெத்துபோட்டு நான் பேச ஆளில்லாம இருக்கறேன்" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். வந்தவள் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சாயம் போகாத பழைய சேலை எது, தொட்டில் கட்ட எது ஆகும் என்று உரிமையோடு தேட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாளே, ஆள் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அவசரம் அப்படி. அங்கே இருந்தவர் எழுந்து நின்று பேசினாராம். "அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அது பர்மனென்ட்காரங்களுக்குத்தானுங்க. பதிலிங்க நம்ம மில் ஆளுன்னே கணக்கில்லீங்க" என்றாராம். மேஸ்திரி அதைவிடப் பதவிசாகச் சொன்னார். "வயித்துப் புள்ளையோட நின்னுக்கிட்டே வேலை செய்யறது ஆகாதுங்க கண்ணு. ஊட்டுல இருந்து ஒடம்பப் பாருங்க." எங்கள் ஊரில் வயிற்றில் அடிப்பதைக்கூடப் பேச்சில் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். அடுத்த நாள் காலையில் மேஸ்திரியின் விரல் அவளைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவளுக்குப் போனது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். விஷயம் தெரிந்த பிறகு சேலையை இறுக்கி என்ன பிரயோஜனம்?

நான் முதலாளியம்மாவிடம் ஓடினேன். அவர் திகைத்துப் போனார். அது நடிப்பில்லை. "பதிலின்னா எப்பவாவது வர்றவங்கதானுங்களே? அவங்களுக்கு வேற எங்கேயாவது வேலை இருக்குமில்லைங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷம் அந்த மில்லின் பணத்தில் வாழ்ந்தவருக்குக் கேட்டில் நிற்கிற பெண்கள் யார் என்று தெரியவில்லை. புருஷனிடம் கேட்டுப் பார்த்தார். பதிலிக்கும் சேர்த்துக் கொடுத்தால் மற்ற மில்காரர்கள் தன்னை ஊருக்குள் நடமாட விடமாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். இப்போதுதான் ஒன்றைச் சாதித்திருக்கிறோம், உடனே இன்னொன்று கேட்க முடியாது என்று முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அரிசி தருகிறேன், துடியலூர் அறையில் வந்து இருக்கட்டும் என்றார்.

தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் பையனுக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டாள். "நான் துடியலூர் போனா இவுரு வாய்க்கு யாருங்க தண்ணி ஊத்தறது? சரி, அரிசியத் தின்னுபோட்டு இங்கயே பெத்துக்கறேன். பெத்ததுக்கப்புறம் கேட்டுல கடைசியில போயி நிக்கோணும். எம்பட மொறை மறுக்கா வர்றதுக்குள்ள மூணும் பட்டினியில போயிருமுங்க."

"நான் வளத்தறேன் கண்ணு. பெத்து எங்கையில குடுத்துரு" என்றேன். மனசார நினைத்துத்தான் சொன்னேன், எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை.

"நைட் டூட்டி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, கிணத்துக்கடவுப் பக்கம் மாமியார் வழியில் ஒரு காதுகுத்து என்று சொல்லிவிட்டு அவளும் மாமியாரும் பஸ் ஏறினார்கள். திரும்பி வந்தது நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா அவளைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, "இனிமே இவளுக்குக் குழந்தை உண்டாகாதும்மா" என்றார். அவளுடைய பையன்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டு, அவர்களுக்குத் தன் வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தார்.

வார்டில் அவள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பிள்ளை பெற்றவர்கள். ராத்திரி பகல் இல்லாமல் பிஞ்சுக் குரல்கள். சகிக்க முடியாமல் நான் அவள் கட்டிலை வராந்தாவுக்கு நகர்த்தினேன். அங்கே வைத்துத்தான் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினாள். "பொட்டப்புள்ளையான்னு கெணத்துக்கடவுல அந்தம்மாகிட்டக் கேட்டனுங்க அக்கா. காட்டமாட்டேன்னு சொல்லிப்போட்டாங்க." எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு முன்னால் அழக் கூடாது என்று மாத்திரை எடுக்கப் போவது போல எழுந்து போனேன்.

அடுத்து நடந்த கூட்டத்துக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. டாக்டரம்மா கட்டாயப்படுத்தினார். கர்ப்பம் கலைப்பதைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று டில்லியில் யோசிக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததைப் படித்தார். ஊரெங்கும் அளவான குடும்பம் என்று சுவரில் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்களைப் போன்றவர்கள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலாளியம்மா மட்டும் மனம் தளரவில்லை. இன்னும் இரண்டு மில்காரர்கள் பேறுகாலச் சம்பளம் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், நம்முடைய பிரயாசை வீண்போகவில்லை, இன்னும் சில வருஷத்தில் இந்த ஜில்லாவில் சோற்றுக்குப் பயந்து கலைக்கிற பெண்ணே இருக்க மாட்டாள் என்றார்.

நான் டம்ளரை மேஜைமேல் வைத்தது கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருக்கும். "அந்தச் சம்பளத்துக்குப் பயந்துட்டுத்தான் பொம்பளையாளுகளப் பர்மனென்ட் பண்றதையே நிறுத்திப்போட்டாங்கங்க. நாமளும் சந்தோஷப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கறோம்" என்றேன். லைன் வீடுகளில் கேட்டுத்தான் சொன்னேன். காலியான இடங்களுக்கு ஆம்பிளைகளைப் போட ஆரம்பித்திருந்தார்கள். முதலாளியம்மா டாக்டரம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் இருப்பது அவருக்கு மறந்துவிட்டது. குரலில் கோபமில்லை, ரொம்பவும் சோர்ந்திருந்தது. அதற்குப் பிறகு துடியலூர் அறைகளுக்கு ஒன்றிரண்டு பெண்கள் வந்தார்கள், ஒன்றிரண்டு பிள்ளைகள் பிறந்தன. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்துக்கு மைசூர்பாகு அப்புறம் வரவில்லை.

தங்கை உடம்பு தேறி மறுபடியும் கேட்டில் போய் நின்றாள். கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று பயந்துகொண்டே போனவளை மேஸ்திரி அடுத்த வாரமே கூப்பிட்டுக்கொண்டார். அதன்பிறகு அவளுக்கு வேலை இல்லாத நாளே இல்லை. வருஷம் திரும்புவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பையன்களுக்கும் புது டவுசர் போட்டுக் கூட்டிக்கொண்டு, ஜிலேபிப் பொட்டலத்தோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். பர்மனென்ட் ஆகிவிட்டதாம். முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்காரரை நல்ல டாக்டரிடம் காட்டலாம், பெரியவனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"பொம்பளையாள எடுக்கறதில்லைன்னு சொன்னாங்களே கண்ணு?" என்று கேட்டேன்.

"என்னைய மட்டும்தானுங்க எடுத்தாங்க. எம்பட ஒடம்பு சங்கதி லைன் பூராத் தெரியுமுங்களே, மேஸ்திரிதான் ஆபீசுல எடுத்துச் சொன்னாராமா. இந்தம்மாவுக்கு இனி அந்தச் செலவு வராதுங்க, தெகிரியமாப் போடலாமுங்கன்னு." பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னாள். "பேறுகாலச் சம்பளம் எனக்கும் உண்டுன்னு டைம் ஆபீசுல சொல்லித்தானுங்க கைநாட்டு வாங்குனாங்க."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். பிறகு ஒரு ஜிலேபியை எடுத்து என் கையில் வைத்து, "தின்னுங்க அக்கா, பசங்களுக்குத் தனியா இருக்குதுங்க" என்றாள்.